அம்பாசடர் மார்க் 4: எழுபதுக்கு மேல் ஸ்டியரிங்கைத் தொட்டாலே வண்டி பாய்கிறது, எங்கே பார்ப்பது?

கோவை மார்க்4

எல்லாருக்கும் வணக்கம். 1985 மார்க் 4 அம்பாசடர் வைத்திருக்கிறேன், அப்பா வாங்கிய வண்டி. பழைய 1489 சிசி எஞ்சினுக்குப் பதில் ஐசுசு 1.8 பெட்ரோலும் ஐந்து கியர் பாக்ஸும் ஏற்றி ரொம்ப நாளாகிறது, ஆர்.சி.யிலும் ஏற்றியாகிவிட்டது, அந்தப் பக்கம் ஒரு தொந்தரவும் இல்லை.

பிரச்சினை ஸ்டியரிங்கில். அப்பாவுக்குத் தோள்பட்டை வலி வந்து, வண்டியை நிறுத்தி எடுக்கும்போது சுற்றவே முடியவில்லை என்றார். அதனால் உடைப்புக்கு வந்த ஒரு சின்ன காரிலிருந்து எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் யூனிட்டை வாங்கி டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டினோம். கீழே வீல்களைத் திருப்பும் ரேக் (பல் வெட்டிய கம்பி) பழைய அம்பாசடர் ரேக்தான். யூனிட்டிலிருந்து ரேக்குக்குப் போகும் நடுத்தண்டை மட்டும் ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கினோம். அதே சமயத்தில் வேறு சில வேலைகளும் நடந்தன: 15 இஞ்ச் அலாய் வீல், 195/65 ரேடியல் டயர் நான்கும் புதுசு, முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்கினோம், பின்னால் சாமான் ஏற்றினால் உட்காருகிறது என்று ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூடுதல், பழைய பெரிய ஸ்டியரிங் வீலுக்குப் பதில் 35 செ.மீ. விட்டமுள்ள சின்ன வீல்.

இப்போது ஊருக்குள் ஓட்ட வெண்ணெய் மாதிரி இருக்கிறது, அப்பா ஒரு கையால் திருப்புகிறார். ஆனால் சேலம் ரோட்டில் எழுபதைத் தாண்டினால் பயமாக இருக்கிறது. லேன் மாற்ற லேசாகத் திருப்பினால் நினைத்ததைவிட அதிகமாகப் போகிறது, சரிசெய்யத் திருப்பினால் அந்தப் பக்கமும் அதிகம். அவிநாசி தாண்டி ஒரு பஸ்ஸை முந்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கைப்பிடியைப் பிடித்தவர் விடவே இல்லை. அலைன்மென்ட் கடையில் எல்லாம் பச்சையில் இருக்கிறது என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

நெடுஞ்சாலை

ஜீப்புக்குப் போடும் ஸ்டியரிங் டேம்பர் ஒன்று வாங்கி மாட்டுங்கள், அடங்கிவிடும். என் வண்டிக்குப் போட்டேன், நன்றாக இருக்கிறது.

டார்ஷன்பார்

டேம்பர் இப்போது வேண்டாம். அது வீல் படபடவென்று ஆடுவதை அமுக்கும், குழியில் விழும்போது கைக்கு வரும் உதறலைக் குறைக்கும். திருப்பியதற்கு மேல் வண்டி திரும்புகிறது என்றால் அதற்கு டேம்பர் மருந்தே இல்லை. காரணத்தை மூடி வைத்துவிட்டு ஓட்டுவது ஸ்டியரிங் விஷயத்தில் கூடாது.

தம்பி, ஒரே நேரத்தில் ஆறு மாற்றம் செய்திருக்கிறீர்கள். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். நல்ல சமமான ரோட்டில், கூட்டமில்லாத நேரத்தில், அறுபதில்.

கையை அசைக்காமல் நேராகப் பிடித்திருந்தால் வண்டி தானாக இப்படி அப்படிப் போகிறதா, இல்லை நேராகத்தான் போகிறது, கை அசைந்தால்தான் பாய்கிறதா? இது முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் முதல் வகைக்குக் காரணம் வீல் பக்கம் இருக்கும், இரண்டாவது வகைக்குக் காரணம் பெரும்பாலும் கைக்கும் ரேக்குக்கும் நடுவில் இருக்கும்.

அப்புறம், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் வண்டி நகர்கிறதா? அப்படியென்றால் பின் ஸ்பிரிங் புஷ், ஷேக்கிள், யூ போல்ட் பார்க்க வேண்டும். பிளேட் சேர்த்தவர்கள் யூ போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லையென்றால் பின் அச்சு நகர்ந்து பின்பக்கமே வண்டியைத் திருப்பும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஸ்டியரிங் கோளாறு போலவே தெரியும்.

மூன்றாவது, திருப்பத்தில் திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதா, நீங்கள்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறதா?

நாலு டயரிலும் எவ்வளவு காற்று, அலைன்மென்ட் கடையில் கொடுத்த தாளில் என்ன எண்கள், இரண்டையும் எழுதுங்கள். பச்சை சிவப்பு எனக்கு வேண்டாம், எண் வேண்டும்.

கோவை மார்க்4

நன்றி அண்ணே. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நீலாம்பூர் பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன்.

கையை அசைக்காமல் பிடித்தால் ஓரளவு நேராகப் போகிறது, ஆனால் லாரித் தடத்தில் ஏறினால் கொஞ்சம் இழுக்கிறது. கை அசைந்தால்தான் பெரிய பாய்ச்சல். ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு அழுத்தினேன், வித்தியாசம் இல்லை. யூ போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, புஷ் புதுசு. திருப்பத்திலிருந்து தானாக வருவது ரொம்பக் குறைவு, முக்கால்வாசி நான்தான் கொண்டுவருகிறேன்.

காற்று முன்னால் 36, பின்னால் 30. டயர் கடையில் வைத்தது. தாளில் டோ (மேலிருந்து பார்த்தால் இரண்டு வீலும் முன்பக்கம் ஒடுங்கியோ விரிந்தோ நிற்கும் அளவு) மொத்தம் கழித்தல் 0.20 டிகிரி என்று இருக்கிறது, காஸ்டர் (வீல் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) அளக்கவில்லை. கடை மெஷினில் அம்பாசடர் இல்லையாம், அதனால் வேறு ஏதோ காரின் பெயரைத் தேர்ந்தெடுத்து அளந்திருக்கிறார்கள்.

வீலை மேலும் கீழும் பிடித்து, அப்புறம் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் எதுவும் இல்லை, ரேக்கையும் வீலையும் இணைக்கும் டை ராட் எண்ட் இரண்டும் போன வருஷம் மாற்றியவை.

டார்ஷன்பார்

வேறு காரின் பெயரை வைத்து அளந்தால் பச்சைக்கு அர்த்தமே கிடையாது. கழித்தல் 0.20 என்றால் இரண்டு வீலும் முன்பக்கம் விரிந்து நிற்கின்றன. ரிம் ஓரத்தில் அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர் விரிவு. பின் சக்கரம் தள்ளும் வண்டிக்கு இது தலைகீழ், முன்பக்கம் லேசாக ஒடுங்கித்தான் நிற்க வேண்டும். ஓடும்போது ரோட்டின் இழுப்பு வீலை இன்னும் விரிக்கும். விரிந்த டோ வண்டியைத் திருப்பத்துக்குத் துடிக்க வைக்கும். முன்பக்கத்தை இறக்கியபோது டை ராடின் கோணம் மாறி டோ கூடவே மாறியிருக்கும், அப்புறம் யாரும் சரி செய்யவில்லை.

காற்றை இன்றைக்கே மாற்றுங்கள், காசில்லாத வேலை. முன்னால் 30, பின்னால் 32 வைத்து ஓட்டிப் பாருங்கள். முன்னால் கூடுதல் காற்று இருந்தால் முன் டயர் விறைப்பாக, சட்டென்று கடிக்கும்.

ஆனால் நீங்கள் சொல்கிற அளவுக்குப் பாய்வதற்கு இந்த இரண்டு மட்டும் போதாது என்று நினைக்கிறேன்.

மைனர் யாழ்ப்பாணம்

வணக்கம் தம்பி. நான் மொறிஸ் மைனர் வைத்திருக்கிறன். உங்கட அம்பாசடர் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் சீரிஸில் இருந்து வந்தது, எங்கட மைனரும் அதே குடும்பம்தான், முன்னுக்கு டோர்ஷன் பார், ரேக் ஸ்டியரிங். இங்கே இந்தக் கார்களை இன்னும் தினசரி ஓடுகிறோம், அதனால் இந்த வருத்தம் எங்களுக்குப் புதிதில்லை.

முன்னுக்கு இறக்கி, பின்னுக்கு உயர்த்தியிருக்கிறீர்கள். காரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், மூக்குக் குத்தினபடி நிற்கும். முழு பொடியும் முன்னுக்குச் சரிந்தால் சில்லு திரும்புகிற அச்சின் மேல்முனையும் சேர்ந்து முன்னுக்குச் சரியும். அதுதான் காஸ்டர் குறைவது. காஸ்டர்தான் சில்லைத் திரும்பவும் நேருக்குக் கொண்டுவாறது. திருப்பத்தால் வந்த பிறகு நீங்கள்தான் கையால் கொண்டுவரவேணும் எண்டு சொன்னீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மாற்றம் செய்யாத ஒரு அம்பாசடரைப் பக்கத்தில் நிறுத்தி, சில்லு நடுவில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் அளந்து பாருங்கள். மைனருக்குப் புத்தகத்தில் காஸ்டரே 3 டிகிரிதான். அந்தக் காலத்துக் குறுக்கிழை ரயருக்காக வைத்த அளவு அது. அதில் ஒன்றரை டிகிரி போனால் பாதி போச்சு. அதோட ரேடியல் ரயர் பழைய 5.90-15 ரயரை விட வேகமாகக் கடிக்கும், ஒரே திருப்பலுக்குக் கூடப் பதில் சொல்லும். அது கூடாதது எண்டு சொல்லவில்லை, நானும் ரேடியல்தான் போட்டிருக்கிறன், ஆனால் காஸ்டரை இழந்த காரில் அது இன்னும் துள்ளும்.

லண்டன் பழைய வண்டி

பவர் ஸ்டியரிங் யூனிட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. இங்கே பழைய கார்களில் வாக்ஸால் கோர்சா யூனிட்டை மாட்டுவது ரொம்ப சகஜம், நானே மாட்டியிருக்கிறேன். இந்த யூனிட்டுகள் பிறந்த வண்டியில் வேகத்தைக் கேட்டு உதவியைக் குறைத்துக்கொள்ளும். நிற்கும்போது முழு உதவி, ஹைவேயில் மிகக் கொஞ்சம். அம்பாசடரில் அந்தச் சிக்னல் வராது. சிக்னல் இல்லாமல் ஓடும்போது பல யூனிட்டுகள் ஏதோ ஒரு நிலையான உதவிக்குப் போய்விடும், எண்பதிலும் பார்க்கிங்கில் இருக்கிற அதே லேசு. உங்கள் யூனிட்டில் தனியாகத் திருகும் குமிழ் வைத்த கன்ட்ரோல் பெட்டி ஏதாவது போட்டீர்களா?

போடவில்லையென்றால் ஒரு சோதனை. யூனிட்டின் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். முதலில் காலி இடத்தில் மெதுவாக, கனம் பழகியபின் ரோட்டில். பாய்ச்சல் போய்விட்டால் உதவி அதிகம் என்று அர்த்தம். கனமாகியும் பாய்ச்சல் அப்படியே இருந்தால் மோட்டார் மேல் பழி போட முடியாது. கை லேசாக இருப்பதும் ஸ்டியரிங் வேகமாக இருப்பதும் இரண்டு தனித்தனி கோளாறு, ஓட்டும்போது ஒன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொன்று. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் சுற்ற ஆரம்பித்தால் கை கொடுக்கும் முறுக்கை அளக்க உள்ளே இருக்கும் டார்க் சென்சார் நடு தவறியிருக்கிறது. அப்படி இருந்தால் அந்த யூனிட்டை ஓட்டவே கூடாது.

நெடுஞ்சாலை

அப்போது ஸ்டியரிங் வீலைப் பழைய பெரியதாக மாற்றினால் முடிந்ததே? சின்ன வீல் என்றால் துடிக்கத்தானே செய்யும்.

பல்சக்கரம்

பங்கு உண்டு, ஆனால் முழுக் காரணம் ஆகாது. 42 செ.மீ. இருந்த இடத்தில் 35 என்று வைத்துக்கொண்டால், கை ஒரே தூரம் நகரும்போது திரும்பும் கோணம் 1.2 மடங்கு. இருபது சதவீதம் கூடினால் பழகிக்கொள்ளலாம், மனைவி கைப்பிடியைப் பிடிக்க மாட்டார்.

எனக்கு உறுத்துவது வேறு. நடுத்தண்டை லேத்தில் செய்தோம் என்று முதல் பதிவில் ஒரு வரி இருக்கிறது. பழைய வண்டியில் ஸ்டியரிங் தண்டு வந்த வழி வேறு, இப்போது யூனிட் தடிமனாக இருப்பதால் தண்டு வளைந்து போக வேண்டியிருக்கும். எத்தனை யுனிவர்சல் ஜாயிண்ட் (வளைந்தபடியே சுற்றும் இணைப்பு), ஒவ்வொன்றும் எவ்வளவு கோணத்தில் வளைகிறது, நடுத்தண்டின் இரண்டு முனையிலும் இருக்கும் யோக் (ஜாயிண்டைப் பிடிக்கும் இரண்டு காது வைத்த கவட்டை) ஒரே வாட்டத்தில் இருக்கின்றனவா, இல்லை ஒன்றுக்கொன்று குறுக்கே இருக்கின்றனவா? முடிந்தால் கீழே படுத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

பாய்ச்சல் நடுப்பகுதியில் மட்டுமா, இல்லை பாதி சுற்று திருப்பிய பிறகும் இருக்கிறதா? அதையும் சொல்லுங்கள்.

டார்ஷன்பார்

நான் பம்ப் ஸ்டியரைச் சந்தேகப்பட்டேன். வண்டியை இறக்கியபின் டை ராடும் கீழ் ஆர்மும் ஒரே வளைவில் நகராது, குழியில் இறங்கி ஏறும்போது வீல் தானாகத் திரும்பும். ஆனால் அப்படியென்றால் மேடு பள்ளத்தில்தான் அதிகம் தெரிய வேண்டும். இவர் சமமான ரோட்டில் கை அசைத்தால் பாய்கிறது என்கிறார். பல்சக்கரம் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதைப் பாருங்கள் தம்பி.

கோவை மார்க்4

நிறையப் பார்த்தாயிற்று, வரிசையாகச் சொல்கிறேன்.

காற்றை மாற்றியதும் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது, பெரிய வித்தியாசம் இல்லை.

நண்பரின் மாற்றாத அம்பாசடரோடு ஒப்பிட்டு அளந்தோம். என் வண்டி முன்னால் 30 மி.மீ. தாழ்வு, பின்னால் 45 மி.மீ. உயரம்.

கன்ட்ரோல் பெட்டி எதுவும் இல்லை, பேட்டரியும் இக்னிஷனும் மட்டும் இணைத்திருக்கிறது. ஜாக்கியில் தூக்கிப் பார்த்தேன், தானாகச் சுற்றவில்லை. ஃப்யூஸை எடுத்துவிட்டு ஓட்டினேன். கை நன்றாகக் கனத்தது, ஆனாலும் அறுபதில் லேசாகத் திருப்பினால் அதே மாதிரி குதிக்கிறது. கனமான ஸ்டியரிங்கில் அந்தக் குதிப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நடுவில்தான் பாய்ச்சல். ஊருக்குள் முக்கில் திரும்பும்போது, பாதி சுற்றுக்குப் பக்கத்தில், மந்தமாகக்கூட இருக்கிறது. இதை இதுவரை நான் கவனித்ததில்லை, நீங்கள் கேட்டபின்தான் தெரிந்தது.

கீழே படுத்துப் பார்த்தேன். ஜாயிண்ட் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. கோண அளவியை வைத்துப் பார்த்தால் இரண்டும் சுமார் 30 டிகிரி வளைவு. நடுத்தண்டு இரண்டு துண்டை ஒட்டவைத்து வெல்டிங் செய்தது. மேல் யோக் காது மேலும் கீழுமாக நிற்கிறது, கீழ் யோக் காது பக்கவாட்டில். ஒன்றுக்கொன்று குறுக்கேதான் இருக்கின்றன.

பல்சக்கரம்

அதுதான். உறுதி செய்துகொள்ள ஒரு அளவு மட்டும் எடுங்கள். முன்பக்கம் தூக்கிய நிலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோணமானியை ஒரு அட்டையில் ஒட்டி ரேக்கை நகர்த்தும் சின்னப் பல்சக்கரமான பினியனின் தண்டில் மாட்டுங்கள், ஒரு கம்பியை முள்ளாக வையுங்கள். மேலே ஸ்டியரிங்கிலும் அதேபோல. நேரிலிருந்து மேலே 30, 60, 90 டிகிரி திருப்பும்போது கீழே எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்குப்படி 38, 67, 90 வர வேண்டும். வந்தபின் விளக்குகிறேன்.

கோவை மார்க்4

வலது பக்கம் 37, 66, 90. இடது பக்கம் 38, 67, 90. எப்படிப் பார்க்காமலே சொன்னீர்கள்?

பல்சக்கரம்

யுனிவர்சல் ஜாயிண்ட் வளைந்து நிற்கும்போது உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே சீராக வராது. ஒரு சுற்றில் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். வளைவு சின்னதாக இருந்தால் கவனிக்கவே மாட்டோம், 30 டிகிரி வளைவில் வேகமான இடத்தில் 1.15 மடங்கு, மெதுவான இடத்தில் 0.87 மடங்கு. அதனால்தான் இரண்டு ஜாயிண்ட் போடும்போது ஒன்று முந்துகிற இடத்தில் மற்றது பிந்துமாறு வைக்கிறோம், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் சீராக வரும். மூன்று தண்டும் ஒரே தளத்தில் இருந்து, இரண்டு வளைவும் சமமாக இருந்தால், நடுத்தண்டின் இரண்டு யோக்கும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். உங்களுடையது குறுக்கே நிற்பதால் அடித்துக்கொள்வதற்குப் பதில் இரண்டும் சேர்ந்துகொண்டன. 1.15-ஐ 1.15-ஆல் பெருக்கினால் 1.33.

நேராக ஓடும்போது ஸ்டியரிங் நிற்கிற இடமே அந்த வேகமான இடமாக அமைந்துவிட்டது. முதல் 30 டிகிரிக்குக் கீழே 38, அடுத்த 30-க்கு 29, அதற்கடுத்த 30-க்கு வெறும் 23. கால் சுற்றுக்கு எப்படியும் 90 வந்துவிடுவதால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணினால் ஒரு மாற்றமும் தெரியாது, பட்டறையிலும் யாருக்கும் தெரியாது. பார்க்கிங்கில் சுற்றிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கொடுத்திருப்பார்கள்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். நடுவில் 1.33, சின்ன வீலால் 1.2, பெருக்கினால் 1.6. உங்கள் கைக்கு நேர்ப்பகுதியில் ஸ்டியரிங் பழையதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகமாகிவிட்டது. அதன்மேல் மோட்டார் கனத்தையும் எடுத்துவிட்டது, எவ்வளவு திருப்பினோம் என்று கைக்குச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.

அப்புறம் யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன கணக்கு. 30-ம் 45-ம் சேர்த்து 75 மி.மீ. அம்பாசடரின் வீல்பேஸ் 2464 மி.மீ. அந்தச் சரிவு 1.7 டிகிரி. அவ்வளவும் காஸ்டரிலிருந்து நேரடியாகக் கழிந்தது. ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராததற்கு அது முக்கியக் காரணம், பவர் யூனிட்டின் உராய்வும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

டார்ஷன்பார்

தம்பி, முதலில் இதைக் கேளுங்கள். ஒட்டுப்போட்டு வெல்டிங் செய்த ஸ்டியரிங் தண்டோடு இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். யோக் வாட்டம் இரண்டாவது விஷயம். அந்த வெல்டிங் உள்ளே எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது முறுக்கு வாங்குகிறது, ஒருநாள் விட்டுவிட்டால் கையில் ஸ்டியரிங் இருக்கும், வண்டி அதன்பாட்டுக்குப் போகும். அப்பாவும் ஓட்டுகிற வண்டி என்கிறீர்கள்.

வெட்டித் திரும்ப வெல்டிங் செய்து வாட்டத்தைச் சரி செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏதாவது ஒரு கம்பெனி வண்டியின் ஸ்பிளைன் (முனையில் நீளவாட்டில் வெட்டிய பற்கள்) வைத்த நடுத்தண்டை, இரண்டு பக்கமும் ஜாயிண்டோடு முழுதாக வாங்குங்கள். ஸ்பிளைன் எண்ணிக்கை மேலே யூனிட்டுக்கும் கீழே பினியனுக்கும் பொருந்த வேண்டும். கீழே பொருந்தவில்லையென்றால் பினியன் பக்கத்துக்கு மட்டும் ஒரே கட்டியில் கடைந்த கப்ளிங் (இரண்டு தண்டை இணைக்கும் துண்டு), அதற்கு ஊடுருவும் போல்ட்டும் லாக் நட்டும்.

சட்டப்புள்ளி

இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சினை ஆர்.சி.யில் ஏற்றியது நல்லது. ஸ்டியரிங் மாற்றத்தைப் பற்றியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்கும் இடம் அது இல்லை.

லண்டன் பழைய வண்டி

டார்ஷன்பார் அண்ணன் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். இங்கே வருடாந்திரச் சோதனைக்குப் போகும் வண்டியில் ஸ்டியரிங் தண்டில் வெல்டிங் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புதுத் தண்டு மாட்டும்போது யூனிட்டின் பிராக்கெட்டை முடிந்த அளவு நகர்த்தி வளைவைக் குறையுங்கள். 30 டிகிரி அதிகம், 20-க்கு வந்தாலே தவறு தானாகச் சுருங்கிவிடும். மேலும் கீழும் வளைவு சமமாக வருகிறதா என்று பாருங்கள், சமமில்லையென்றால் யோக் சரியாக இருந்தாலும் முழுதாக அடித்துக்கொள்ளாது.

உங்கள் யூனிட்டுக்கு வேகச் சிக்னல் கொடுக்கும் பெட்டி கிடைக்கும். அதில் குமிழைத் திருகி உதவியைக் குறைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் அப்பா சிரமப்படாத, ஹைவேயில் கைக்குக் கனம் தெரிகிற ஒரு இடத்தில் நிறுத்துங்கள். ஜி.பி.எஸ். வைத்து வேகத்துக்கு ஏற்பத் தானே குறைப்பவையும் உண்டு, அது இன்னும் நல்லது.

நெடுஞ்சாலை

இவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறதா? எனக்கு டேம்பர் போட்டது வேலை செய்தது என்பதால் சொன்னேன். என் வண்டியிலும் நடுத்தண்டு வெளியில் செய்ததுதான், நாளைக்கே கீழே படுத்துப் பார்க்கிறேன்.

மைனர் யாழ்ப்பாணம்

பாருங்கோ, கட்டாயம் பாருங்கோ. யோக் காது இரண்டும் ஒரே பக்கம் பார்த்தபடி நிற்கிறதா எண்டு ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும்.

கோவைத் தம்பிக்கு ஒரு விசயம். பின்னுக்குச் சேர்த்த பிளேட்டைக் கழற்றினால் காஸ்டரில் பெரும்பகுதி திரும்பிவிடும், முன்னுக்கு இறக்கினதை அப்படியே வைத்துக்கொள்ள ஆசையெண்டால் வைத்திருக்கலாம். உயரம் சரியான பிறகுதான் டோ வைக்கவேணும், முதலில் டோ வைத்துவிட்டு பிறகு உயரத்தை மாற்றினால் திரும்பவும் கடைக்குப் போகவேண்டிவரும். மைனருக்கு ஒரு இஞ்சியில் 32-ல் 3 பங்கு உள்ளுக்கு வைப்பம், ரேடியலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக வைத்தாலும் நேராகப் போகும்.

கோவை மார்க்4

வேலை முடிந்தது. வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போகவில்லை, தூக்கிக்கொண்டு போனோம்.

வெல்டிங் தண்டை வைஸில் பிடித்து, ஒரு முனையில் நீளமான பைப்பை மாட்டி முறுக்கிப் பார்த்தோம். இரண்டாவது இழுப்பில் ஒட்டின ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. உள்ளே பாதிச் சுற்றுக்கு மேல் வெல்டிங் ஒட்டவே இல்லை, பழைய உலோகம் கடைந்த பளபளப்போடு அப்படியே இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

இப்போது இருப்பது ஸ்பிளைன் தண்டு, இரண்டு ஜாயிண்டோடு முழுதாக வந்தது, மேலே நேராகப் பொருந்தியது, கீழே கப்ளிங். பிராக்கெட்டை நகர்த்தியதில் வளைவு மேலே 21, கீழே 20. யோக் ஒரே வாட்டம். கோணமானியை மறுபடி மாட்டினோம்: 30, 60, 90. இரண்டு பக்கமும்.

பின் பிளேட்டை எடுத்தாயிற்று. முன்பக்கம் டார்ஷன் பாரைக் கொஞ்சம் ஏற்றினோம், முழுதாக இல்லை. டோ உள்ளே 2 மி.மீ. வைத்தோம், கடையில் வேறு காரின் பெயரைப் போட வேண்டாம், எண்ணை மட்டும் காட்டுங்கள் என்று சொல்லி. சிக்னல் பெட்டி வாங்கி உதவியைப் பாதிக்குக் கீழே இறக்கியிருக்கிறேன். சின்ன வீலை மாற்றவில்லை, பிடித்திருக்கிறது.

நேற்று சேலம் ரோட்டில் ஓட்டினேன். எண்பதில் லேன் மாற்றினால் திருப்பிய அளவுக்கு நகர்ந்து அங்கேயே நிற்கிறது. திருப்பத்திலிருந்து ஸ்டியரிங் தானாக முக்கால்வாசி வருகிறது, கடைசிக் கால்வாசி நான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அது யூனிட்டின் உராய்வுதானா, இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

பல்சக்கரம்

ஃப்யூஸை எடுத்துவிட்டு, முன்பக்கம் தூக்கி, விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் ஜாயிண்ட் அல்லது ரேக். எங்கும் பிடிக்காமல் சீரான ஒரு கனம் இருந்தால் அது மோட்டாரும் அதன் கியரும், அப்படியே விடலாம்.

கோவை மார்க்4

பார்த்தேன். எங்கும் பிடிக்கவில்லை, முழுக்கச் சீராக இருக்கிறது.

டார்ஷன்பார்

அப்போது விட்டுவிடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கப்ளிங் போல்ட், ஜாயிண்ட் பிஞ்ச் போல்ட், யூ போல்ட் மூன்றையும் திரும்ப முறுக்கிப் பாருங்கள். முறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து தண்டு வரைக்கும் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள், நகர்ந்தால் குனிந்து பார்த்ததும் தெரியும். டயர் உள் ஓரத்தையும் அதே சமயம் கையால் தடவிப் பாருங்கள். டோ முன்பு விரிந்திருந்தபோது ஓட்டிய டயர், உள் ஓரம் தேய்ந்திருந்தால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போடுங்கள்.